பத்துச் சுவர் வேண்டாம், மூன்று போதும்

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு மூன்று நாள் சிங்கப்பூர் போகிறோம். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு இன்ஸ்டாகிராமில் போட நல்ல கலரான இடங்கள் வேண்டுமாம். குறைந்தது பத்து இடமாவது சொல்லுங்கள். என்ன கலரில் உடை எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும். (வாசகி, திருச்சி)

பதில்: பத்து சொல்ல மாட்டேன். மூன்று நாளில் பத்து இடம் என்றால் பாதிப் பொழுது ரயிலில் போகும், மீதி அடுத்தவர் படம் எடுத்து முடிக்கும்வரை காத்து நிற்பதில் போகும். அந்த மாதிரிப் பட்டியல்களை எழுதுகிறவர்கள் பலர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறவர்கள். பழைய பட்டியல்களைப் பாருங்கள், ரோச்சோர் சென்டர் இருக்கும். ஆளுக்கொரு நிறத்தில் நின்ற நான்கு அடுக்குமாடிகள். 2016 கடைசியில் குடியிருந்தவர்கள் காலி செய்தார்கள், அப்புறம் விரைவுச்சாலைக்காகக் கட்டடங்களை இடித்தும்விட்டார்கள். நம்பிப் போனால் உங்கள் மகள் சாலைப் பணியைத்தான் படம் எடுக்க வேண்டும்.

மூன்று இடம் சொல்கிறேன். மூன்றுக்கும் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நீங்கள் கேட்காமல் விட்டது அதைத்தான்.

சிங்கப்பூர் கிட்டத்தட்ட பூமத்திய ரேகை மேலேயே இருக்கும் ஊர். வருடம் முழுக்கக் காலை ஏழு மணி வாக்கில் விடியும், மாலை ஏழு வாக்கில் இருட்டும். ஒன்பதரை மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று ஏறிவிடும். நண்பகலில் எடுத்த படத்தில் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும், சுவரின் நிறமும் வெளுத்துத் தெரியும். அதனால் ஏழேகாலுக்குத் தெருவில் இருங்கள். விடுமுறைக்கு வந்தும் விடியற்காலை எழ வேண்டுமா என்று மகள் கேட்டால், மேகமூட்டமான நாளாகப் பார்த்துப் போகலாம். நிறங்களுக்கு உண்மையில் மேகம்தான் நல்லது. வெள்ளை வானம் மட்டும் படத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் இடம், லிட்டில் இந்தியாவில் கெர்பாவ் சாலையில் இருக்கும் டான் டெங் நியா வீடு. 1900-ல் ஒரு சீன மிட்டாய் வியாபாரி கட்டியது. அந்தப் பகுதியில் மிஞ்சியிருக்கும் ஒரே சீன மாளிகை அதுதான். கதவு ஒரு நிறம், சன்னல் சட்டம் ஒரு நிறம், சுவரில் கட்டம் கட்டமாக வேறு வேறு நிறம். நூற்றாண்டு பழமையான வண்ணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் அது வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரும் பச்சை ஓடுமாகத்தான் இருந்தது. இந்த வானவில் எல்லாம் பிற்பாடு பூசியது. அதனால் என்ன, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எல்லோரும் வீட்டுக்கு நேர் எதிரே நின்று முழு வீட்டையும் அடக்கப் பார்ப்பார்கள், ஆள் எறும்பு அளவில் விழுவார். ஒரே ஒரு சன்னலைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நில்லுங்கள்.

அங்கிருந்து தேக்கா சந்தையும் கேம்பல் லேன் தெருவும் நடக்கும் தூரம்தான். பூக்கடைகளில் மாலை தொங்கும். காந்தி மார்க்கெட் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது புதுசா என்றால், இல்லைதான். 236 அடி ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை ஊரில் வைத்துக்கொண்டு கலர் தேடிக் கடல் தாண்டுகிறீர்கள், அதை மட்டும் சொல்லி வைக்கிறேன். பூ கட்டுபவரைப் படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். தமிழிலேயே கேட்கலாம்.

இரண்டாவது, ஜூ சியாட் பகுதியின் கூன் செங் சாலை. சாலையின் இரு பக்கமும் பெரனாக்கான் பாணி வீடுகள்: வெளிர் பச்சை, இளஞ்சிவப்பு, நீலம். சீன வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகம் பெரனாக்கான். தமிழ் வணிகர்கள் வழி வந்த மலாக்கா செட்டிகளும் அந்த வகையில்தான் வருவார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள். வாசலின் இரு புறமும் பூப்போட்ட வழுவழுப்பான ஓடுகள் பதித்திருக்கும், அதற்கு மேலே சுதையில் பூவும் பறவையும் இருக்கும், வாசலுக்கு அரை உயரத்தில் ஒரு குட்டிக் கதவும் உண்டு. படத்துக்கு அந்த ஒரு சதுர அடி போதும்.

ஆனால் இங்கேதான் கொஞ்சம் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவை மனிதர்கள் குடியிருக்கும் வீடுகள். படியில் ஏறி உட்கார்ந்து, குட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, மூன்று உடை மாற்றிப் படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுக் கோலத்தின் மேல் நின்று யாரோ நாலு பேர் காலை எட்டு மணிக்கு செல்ஃபி எடுத்தால் நீங்கள் என்ன செய்வீர்களோ, அவர்களுக்கும் அதைச் செய்யத் தோன்றும். எதிர்ப் பக்க நடைபாதையில் நின்று எடுங்கள், சத்தம் போடாமல் எடுங்கள்.

மூன்றாவது, கிளார்க் கீ அருகில் ஹில் ஸ்திரீட் பழைய காவல் நிலையம். 1934-ல் கட்டியது, 927 சன்னல்கள், வரிசை வரிசையாக வானவில் நிறங்கள். இப்போது அரசு அலுவலகம். பக்கத்தில் போனால் கழுத்துதான் வலிக்கும், சாலைக்கு அந்தப் பக்கம் நின்றால் சன்னல்கள் அடுக்கடுக்காகப் படத்தில் விழும். மாலையில் போகலாம்.

ஹாஜி லேன் சுவர் ஓவியங்களை மகளே கண்டுபிடித்துவிடுவாள். அங்கே போனால் பக்கத்திலேயே சுல்தான் பள்ளிவாசல். தங்கக் குவிமாடத்தை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பாமல், அதன் அடியில் கறுப்பாக ஒரு பட்டை ஓடுவதைப் பார்க்கச் சொல்லுங்கள். அது கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகம். காசு கொடுக்க முடியாத ஏழைகளின் பங்கும் கட்டடத்தில் இருக்கட்டும் என்று அவர்களிடமிருந்து வாங்கிப் பதித்தது.

இரண்டு சின்ன விஷயம். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் கேமரா கண்ணாடியில் ஆவி படியும். தேய்க்காமல் சில நிமிடம் விடுங்கள், தானே போய்விடும். அப்புறம், சுவரில் சாய்ந்து நிற்காமல் நாலைந்து அடி முன்னால் வந்து நிற்க வேண்டும். வெயில் பட்ட சுவர் தன் நிறத்தை முகத்திலும் அடிக்கும். மஞ்சள் சுவரை ஒட்டி நின்றால் படத்தைப் பார்த்த சொந்தக்காரர்கள் காமாலைக்குக் கீழாநெல்லி சொல்லுவார்கள்.

உடை: ஒரே நிறத்தில், பூப்போடாததாக. டான் டெங் நியா வீட்டுக்கு வெள்ளை, கூன் செங் சாலைக்கு அடர் நீலமோ அரக்கோ. காலுக்கு உயரமான ஹீல்ஸ் வேண்டாம். பழைய கடைத்தெருக்களில் கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடியில், அதாவது கூரை போட்ட நடைபாதையில், கடைக்குக் கடை மட்டம் மாறும். மழை வந்தால் ஒதுங்குவதும் அங்கேதான், முகத்தில் நிழல் விழாமல் அழகாகப் படம் எடுக்க வாய்ப்பதும் அங்கேதான்.

மிச்சம் ஏழு இடம் வேண்டுமென்றால் உங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள். நாள் முழுக்கப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வரப்போவது அவர்தானே.