காலநிலை நெருக்கடி எதனால் வருகிறது, என்ன செய்கிறது?

மனிதச் செயல்களால் புவியின் சராசரி வெப்பநிலை வேகமாக உயர்ந்து, மழையும் கடலும் பனியும் பழைய ஒழுங்கை இழப்பதே காலநிலை நெருக்கடி.

வெயிலில் சூடான நிலமும் கடலும் அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளியே விடுகின்றன. கரியமில வாயு அதில் ஒரு பகுதியை உறிஞ்சி மீண்டும் கீழே அனுப்புகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்காக இருந்த இந்த வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு எரிப்பதே முதன்மைக் காரணம். அடுத்தது காடழிப்பு.

காற்றுமண்டலத்தை ஒரு தண்ணீர்த் தொட்டியாகவும், கரியமில வாயுவை அதில் விழும் நீராகவும் நினைத்துக்கொள்ளுங்கள். வெளியேறுவதைவிட உள்ளே வருவது அதிகமாக இருக்கும்வரை, குழாயைப் பாதி மூடினாலும் மட்டம் ஏறத்தான் செய்யும். நாம் வெளியிடும் வாயுவின் அளவை (உமிழ்வை) சற்றே குறைப்பது போதாது என்று அறிவியலாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள் போகிறது. சூடான நீர் விரிகிறது. நிலத்தின் மேலுள்ள பனியும் உருகிச் சேர, கடல்மட்டம் உயர்கிறது. (ஏற்கெனவே மிதக்கும் பனி உருகுவதால் மட்டம் பெரிதாக மாறாது.) காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் மழை பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. பெய்யாத நாட்களில் அதே காற்று மண்ணின் ஈரத்தை வேகமாக உறிஞ்சிவிடுகிறது. வெள்ளம், வறட்சி இரண்டும் ஒரே இடத்தில் கூடுவது முரண்பாடல்ல.

ஓசோன் படலத்தில் விழுந்த ஓட்டையால்தான் புவி சூடாகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது புற ஊதாக் கதிர் சார்ந்த வேறொரு சிக்கல், ஓசோனை அழிக்கும் வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்திய 1987 மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் மெல்லச் சீராகியும் வருகிறது.