ஹாஸ்கெல் மொழியின் பேட்டர்ன் மேட்சிங்கில் புதிது புதிதாகச் சேர்ப்பது தேவைதானா?

கேட்டவர் ஹாஸ்கெல் என்ற புரோகிராம் மொழியை இப்போதுதான் படிக்கிறார் போலிருக்கிறது. (பேட்டர்ன் மேட்சிங் என்றால், வந்தது எந்த வகை என்று பொருத்திப் பார்த்து அதற்கேற்ற பதிலைத் தருவது.) "ஆர் பேட்டர்ன் என்று ஒன்று வந்திருக்கிறதாம். ஒரே வேலையைச் செய்ய ஏற்கெனவே நாலைந்து வழி இருக்கும்போது இன்னொன்று எதற்கு?" என்கிறார். தேவை என்பதுதான் என் பதில். ஆனால் பலரும் சொல்வது போல் நாலு வரி மிச்சமாகும் என்பதற்காக அல்ல. எனக்கு இதன் அருமை ஒரு மாங்காய் மண்டியில்தான் தெரிந்தது.

காவேரிப்பட்டினம் பக்கம் என் மாமா மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். எடைச் சீட்டு போட ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன், ஹாஸ்கெல்லில். (ஏன் ஹாஸ்கெல் என்று கேட்காதீர்கள். அப்போது அந்தக் கிறுக்கு தலைக்கேறியிருந்த நேரம்.) கணக்கு எளிமையானது. சாப்பிடுகிற பழமாக விற்கும் ரகங்கள் பிளாஸ்டிக் கிரேட்டில் வரும். 22 கிலோவுக்கு ஒரு கிரேட் என்று வைத்து, கிரேட் ஒன்றுக்கு 2 கிலோ கழிக்க வேண்டும். மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போகும் பெங்களூராவும் அல்போன்சாவும் டெம்போவில் சும்மா கொட்டி வரும். அவற்றுக்குக் கழிவு கிடையாது.

ரகம் = பெங்களூரா | அல்போன்சா | செந்தூரா | நீலம் | மல்கோவா | பங்கனப்பள்ளி

கழிவு பெங்களூரா = இல்லை
கழிவு அல்போன்சா = இல்லை
கழிவு _ = கிரேட்

உங்களுக்குப் படிக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதியிருக்கிறேன். இப்படியே கொடுத்தால் கம்பைலர், அதாவது நாம் எழுதியதைச் சரிபார்த்து கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள், ஏற்காது. ஹாஸ்கெல்லில் இந்த ரகப் பெயர்களெல்லாம் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். நம் மொழியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லையே.

கடைசி வரியில் இருக்கும் அடிக்கோட்டைப் பாருங்கள். 'மற்றதெல்லாம்' என்று அர்த்தம். நாலு ரகத்துக்கு நாலு முறை ஒரே வரியை எழுதச் சோம்பல்பட்டுப் போட்டது. இரண்டு சீசன் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அப்புறம் மாமா ஊறுகாய்க்கு நாட்டு மாங்காயும் எடுக்க ஆரம்பித்தார். ரகப் பட்டியலில் 'நாட்டு' என்று ஒரு பெயரைச் சேர்த்தேன், கம்பைல் செய்தேன், ஒரு முணுமுணுப்பும் இல்லை. சரி, வேலை முடிந்தது என்று ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் ஒரு விவசாயி சீட்டோடு வந்து நின்றாராம். 660 கிலோ சரக்கில் 60 கிலோ கழித்திருந்தது. "ஏம்பா, வண்டியில சும்மா கொட்டிக்கிட்டு வந்தேன். நீ எந்தக் கிரேட்டக் கழிச்ச?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. மாமா போனில் என்னிடம் கேட்ட விதத்தை இங்கே எழுத முடியாது. புது ரகம் நேராக அந்த அடிக்கோட்டுக்குள் போய் விழுந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறதே என்று கம்பைலரும் பேசாமல் இருந்துவிட்டது.

இதையே இப்போது இப்படி எழுதலாம்:

கழிவு (பெங்களூரா; அல்போன்சா) = இல்லை
கழிவு (செந்தூரா; நீலம்; மல்கோவா; பங்கனப்பள்ளி) = கிரேட்

இதுதான் ஆர் பேட்டர்ன், 'இது அல்லது அது' என்று பல ரகத்தை ஒரே வரியில் அடக்குவது. 2024 டிசம்பரில் வந்த ஜிஹெச்சி (ஹாஸ்கெல்லின் கம்பைலர்) 9.12ல் சேர்ந்தது. இது மொழியோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு நீட்சி, அதன் பெயரைக் கோப்பின் தலையில் குறிப்பிட்டால்தான் வேலை செய்யும். வரி குறைந்தது இருக்கட்டும், அடிக்கோடு போய்விட்டது பாருங்கள். இனி 'நாட்டு' என்று ஒரு ரகம் சேர்த்தால், அதற்குப் பதில் எழுதவில்லை என்று கம்பைலர் பெயர் சொல்லிக் காட்டும். ஒரு விஷயம்: இந்த எச்சரிக்கை தானாக வராது, எச்சரிக்கைகளை இயக்கும் தேர்வை நாம்தான் கொடுக்க வேண்டும். புதிதாகப் படிப்பவர்கள் பலர் இதைக் கொடுக்காமலே மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருப்பார்கள். நான் எச்சரிக்கையைப் பிழையாகவே கருதும்படி வைத்துவிடுவேன். இல்லாவிட்டால் படிக்காமல் தள்ளிவிட்டுப் போகிற ஆள் நான்.

இதில் என்னோடு ஒத்துப்போகாத ஒருவர் இருக்கிறார். ஓசூரில் என்னோடு வேலை பார்க்கும் அண்ணன். தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் வருவார், நான் கிருஷ்ணகிரியில் அதே பஸ்ஸைப் பிடிப்பேன். சூளகிரி வரைக்கும் இந்தச் சண்டைதான். "ஏழு ரகமா, ஏழு வரி எழுது. அடிக்கோடு போட்டது உன் தப்பு. அதுக்கு மொழியில எதுக்கு இன்னொரு வாசல்?" என்பார். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ரகத்துக்கு ஒரு வரி என்று இருந்தால், நாளைக்கு நீலத்துக்கு மட்டும் கழிவு மாறினால் அந்த ஒரு வரியைத் தொட்டால் போதும். மூன்று நாலு ரகம் வரை நானும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் முப்பது இருந்தால்? யாரும் முப்பது வரி எழுத மாட்டார்கள், அடிக்கோடுதான் போடுவார்கள். நான் போட்டேனே!

"கிரேட்டுல வர்ற ரகமான்னு கேக்குற ஒரு ஃபங்ஷன் எழுதி, கார்டுல வெச்சிக்கலாமே" என்றும் சொன்னார். கார்டு என்றால் 'இந்த நிபந்தனை சரியானால் இந்தப் பதில்' என்று எழுதுவது. வைக்கலாம்தான். ஆனால் ஆமா இல்லையா என்று மட்டும் சொல்லும் ஃபங்ஷனுக்குள் எந்தெந்த ரகம் அடங்கும் என்று கம்பைலர் பார்க்காது. இல்லை என்று வருவதெல்லாம் கடைசிக் கார்டில் விழும். அதுவும் அடிக்கோடுதான், வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

சில பட்டியல்கள் வளரவே வளராது என்பது அவருடைய இன்னொரு வாதம். வாரத்தில் ஏழு நாள்தான், அங்கே அடிக்கோடு போட்டால் ஒன்றும் ஆகிவிடாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எது வளரும், எது வளராது என்று நமக்கு முன்கூட்டித் தெரிகிறதா? நாங்கள் இருவரும் ஒரே மாவட்டத்தில் பிறந்தவர்கள். 2004ல் கிருஷ்ணகிரி பிரிந்தது, இப்போது அவர் ஒரு மாவட்டம், நான் ஒரு மாவட்டம். 2019ல் வேலூரிலிருந்து பிரிந்து பக்கத்திலேயே திருப்பத்தூர் வந்தது. மாவட்டப் பட்டியலை வைத்து அடிக்கோடு போட்டு எழுதியவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அதற்காகப் புதிதாக வருவதையெல்லாம் நான் ஆதரிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வியூ பேட்டர்ன் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பேட்டர்னுக்குள்ளேயே ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு, அது தருவதோடு பொருத்திப் பார்க்கும் வசதி அது. எழுதுகிறவருக்கு ஜாலிதான். ஆனால் அந்த ஃபங்ஷன் என்னென்ன தரும் என்பது கம்பைலருக்கு எப்படித் தெரியும்? எல்லாம் வந்துவிட்டதா என்ற கேள்விக்குப் பல நேரம் அதனால் பதில் சொல்ல முடியாமல் போகும். பேட்டர்ன் சினானிம் இன்னும் ஒரு படி மேலே. உண்மையான அமைப்பை மறைத்து, நாமே புதுப் பேட்டர்ன் பெயர்களை வைத்துக்கொள்ளலாம். லைப்ரரி எழுதுகிறவர்களுக்கு அருமையான வசதி. ஆனால் இந்தப் பெயர்கள் எல்லாம் சேர்ந்தால் முழுப் பட்டியல் என்று நாமே ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பைலர் அதைச் சரிபார்க்காது, அப்படியே நம்பிவிடும். நாம் பொய் சொன்னால் அதுவும் நம்மோடு சேர்ந்து பொய் சொல்லும்.

ஆக, புதிய வசதி எது வந்தாலும் நான் பார்ப்பது இதைத்தான்: கம்பைலரின் கண்ணைத் திறக்கிறதா, கட்டுகிறதா? இந்தச் சரிபார்ப்பு ஒன்றும் லேசான வேலை இல்லை. செபாஸ்டியன் கிராஃப், சைமன் பெய்டன் ஜோன்ஸ், ரயன் ஸ்காட் மூவரும் 2020ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் வழியில்தான் ஜிஹெச்சி இன்று அதைச் செய்கிறது. அவ்வளவு பேர் உழைத்துக் கொடுத்த கண்ணை ஒரு அடிக்கோட்டால் நாமே மறைத்துக்கொள்கிறோம்.

சேர்த்தால் திரும்ப எடுக்கவே முடியாது என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படியும் இல்லை. மொழியின் பழைய வரையறையான ஹாஸ்கெல் 98ல் என்+கே பேட்டர்ன் என்று ஒன்று இருந்தது. ஒரு எண்ணை 'என்+1' என்றே பேட்டர்னில் எழுதலாம், 5 கொடுத்தால் என் 4 ஆகிவிடும். பார்க்க அழகாக இருந்தாலும் பிளஸ் குறிக்கு அங்கே மட்டும் தனி அர்த்தம். குழப்பம்தான் மிச்சம் என்று அடுத்த வரையறையான ஹாஸ்கெல் 2010ல் தூக்கிவிட்டார்கள்.

குறை என்றால் ஆர் பேட்டர்னிலும் ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் மதிப்புக்கு ஒரு பெயர் வைத்து எடுத்துக்கொள்ள முடியாது. 'பெங்களூரா எடை, அல்போன்சா எடை' என்று எழுதி வலப்பக்கம் அந்த எடையைப் பயன்படுத்த ஓகேமல் என்ற இன்னொரு மொழியில் முடியும், இரண்டு பக்கமும் ஒரே பெயரும் ஒரே டைப்பும் இருந்தால் போதும். ஹாஸ்கெல்லில் இப்போதைக்கு வழி இல்லை. அரைகுறையாக விட்டுவிட்டார்கள் என்று திட்டுகிறவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். செங்குத்துக் கோடு போடாமல் அரைப்புள்ளி போட்டிருப்பதும் சிலருக்கு உறுத்துகிறது. கோடு ஏற்கெனவே கார்டுக்குப் போய்விட்டது, வேறென்ன செய்வார்கள்.

போன வாரம் பஸ்ஸில் லேப்டாப்பைத் திறந்து, புதிதாக மாற்றிய மண்டி புரோகிராமை அண்ணனுக்குக் காட்டினேன். கழிவு ஃபங்ஷனைப் படித்துவிட்டு, "சரி, நல்லாத்தான் இருக்கு" என்றார். அதோடு விட்டிருக்கலாம். கீழே தள்ளிக்கொண்டே போனவர் கமிஷன் கணக்கில் விரலை வைத்தார். அங்கே ஒரு அடிக்கோடு அப்படியே உட்கார்ந்திருந்தது. எடுத்துவிட்டுக் கம்பைல் செய்தேன். நாட்டு, மல்கோவா என்று இரண்டு ரகத்தைக் காட்டியது. மல்கோவாவுக்கு என்ன கமிஷன் என்று மாமாவுக்குப் போன் போட்டுக் கேட்பதற்குள் சூளகிரி தாண்டிவிட்டது.