ரிம்முக்கு பவுடர் கோட்டிங்: கேளுங்கள், சொல்கிறேன்

இரத்மலானைப் பக்கம் அலுமினியப் பூச்சு வேலையில் காலம் தள்ளியவன் நான். 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு, இருக்கிற வாகனத்தையே புதுசாக்கும் ஆசை கொழும்பில் எல்லோருக்கும் வந்தது. 2025இல் இறக்குமதி திறந்தும் விலையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை போகவில்லை. அலோய் ரிம், அதாவது அலுமினியக் கலப்பு ரிம்முக்கு பவுடர் கோட்டிங் செய்வது (உலர்ந்த பவுடரைத் தெளித்து, ஓவனில் இளக்கிப் பூச்சாக்குவது) பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில். கடைப் பெயர் மட்டும் கேட்காதீர்கள்.

வெள்ளவத்தை, டொயோட்டா அக்குவா: அண்ணா, நாலு ரிம்மையும் கறுப்பாக்கப் போகிறேன். மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன். எல்லோரும் "நல்லாச் செய்து தருவோம்" என்கிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது?

விலையைக் கேட்க முதல் ஒன்றைக் கேளுங்கள் தம்பி: "பழைய பெயிண்டை எப்படி எடுப்பீர்கள்?" பதில் வருகிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். கெமிக்கலில் ஊறவைத்து எடுத்து, பிறகு கண்ணாடி மணியாலோ அலுமினியம் ஒக்சைட் துகளாலோ மெதுவாக பிளாஸ்ட் பண்ணுவோம் (காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தமாக்குவோம்) என்றால் மேலே பேசலாம். "லேசா சாண்ட்பேப்பர் போட்டு மேலேயே அடிப்போம்" என்றால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வெளியே வாருங்கள். "சூடாக்கி எரிப்போம்" என்றால் தேத்தண்ணியும் வேண்டாம்.

ஒரு விஷயம் புரிந்துகொள்ளுங்கள். கொழும்பில் பவுடர் கோட்டிங் செய்கிற இடங்களில் பல, கேட், கிரில், அலுமினிய ஜன்னல் வேலைக்காகத் தொடங்கியவை. அந்த வேலையில் அவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஜன்னல் சட்டம் மெல்லிசு, ஓவனுக்குள் போய்ச் சில நிமிடத்தில் சூடாகிவிடும். ரிம்மில் ஸ்போக் ஒரு தடிப்பு, நட் பூட்டுகிற நடுப்பகுதி அதைவிடப் பெரிய தடிப்பு. பவுடர் வேகவேண்டியது உலோகத்தின் சூட்டில், காற்றின் சூட்டில் இல்லை. பொதுவாக உலோகம் 180 முதல் 200 பாகை செல்சியஸுக்கு வந்த பிறகு 10, 15 நிமிடம் நிற்கவேண்டும். கதவைச் சாத்தியதிலிருந்து நேரம் எண்ணுகிற கடையில் வெளி வளையம் வெந்திருக்கும், நடுப்பகுதி அரைவேக்காடு. ஆறு மாதத்தில் நட்டைச் சுற்றி உரிவது அதனால்தான். ரிம்மின் சூட்டை எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வயர் வைத்த தெர்மோமீட்டரையோ லேசர் துப்பாக்கி போன்ற கருவியையோ எடுத்துக் காட்டினால் நல்லது. ஓவன் டயலைக் காட்டினால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது பிளாஸ்ட் அறை. கேட்டுக்கு அடித்த இரும்புத் துகளையே ரிம்முக்கும் அடித்தால் அந்த இரும்பு அலுமினியத்துக்குள் பொதிந்து நிற்கும். மேலே என்ன பூசினாலும் உப்புக் காற்று பட்டதும் உள்ளேயிருந்து புள்ளி புள்ளியாகக் கிளம்பும். நீங்கள் கடலை ஒட்டிய மரின் டிரைவ் ஓரத்து ஆள், இதை இரண்டு தடவை வாசியுங்கள்.

கடைசியாக மாஸ்கிங், அதாவது பூச்சு படக்கூடாத இடங்களை மூடி மறைப்பது. வீல் நட் உட்காருகிற கூம்பிலும், ஹப்போடு (சக்கரத்தைப் பூட்டுகிற வாகனப் பக்கத்து மையத்தோடு) ஒட்டுகிற பின்முகத்திலும் பவுடர் இருக்கக்கூடாது. அங்கே பூச்சு இருந்தால் ஓட்ட ஓட்ட அது நசுங்கும், நட் தளரும். செய்து முடித்த ரிம் ஒன்றை வாங்கி, பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் எல்லாக் கடையிலும் பளபளக்கும்.

வத்தளை, வகன் ஆர்: நாலு ரிம்முக்கு எவ்வளவு முடியும்?

பவுடர் டொலரோடு ஏறி இறங்குகிற சாமான். இன்று நான் எழுதுகிற தொகை அடுத்த மாதம் பொய்யாகிவிடும். டயர் கழற்றல், பழைய பூச்சு எடுத்தல், பிரைமர், நிறம், கிளியர் (நிறமில்லாத மேற்பூச்சு), டயர் பூட்டி பாலன்ஸ் பண்ணுதல் என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரே தொகை சொல்கிறவரிடம் எந்தப் படி காணாமல் போகும் என்பது உங்களுக்குத் தெரியாது.

தெஹிவளை, ஹொண்டா வெசல்: என்னுடையது இரு நிற ரிம். முகம் வெள்ளியாக வெட்டியது, உள்ளே கறுப்பு. கிளியருக்கு அடியில் வெள்ளையாகப் புழு ஊர்ந்த மாதிரி கோடுகள். அதே மாதிரியே திருப்பி எடுக்கலாமா?

அந்தப் புழு அரிப்புத்தான். கிளியரில் ஒரு கல் பட்ட கீறல் வழியாக உப்பும் ஈரமும் இறங்கி, அடியில் அலுமினியத்தைத் தின்றுகொண்டு போகிறது. முகத்தை லேத்தில் சீவி எடுத்ததால்தான் அந்த வெள்ளி. திரும்ப அதே தோற்றம் வேண்டுமென்றால் மறுபடி லேத்தில் ஏற்றிச் சீவவேண்டும், ஒவ்வொரு முறையும் உலோகம் குறையும். அப்படிச் செய்தாலும் தெஹிவளையில் புழு திரும்பி வரும். ஒரே நிறத்துக்கு மாறுங்கள்: எபொக்சி பிரைமர், அதன்மேல் பொலியெஸ்டர். எபொக்சியை மட்டும் பூசி விட்டுவிடுகிற கடையும் உண்டு. அது வெயிலுக்குச் சுண்ணாம்பாகிவிடும், எப்போதும் அடியில்தான் இருக்கவேண்டும்.

மருதானை: நல்ல கடை ஒன்றின் பெயரைச் சொல்லுங்களேன் அண்ணே.

மாட்டேன். நல்ல பாஸ், அதாவது வேலை தெரிந்த ஆள், கட்டாருக்குப் போனால் கடையில் பெயர்ப்பலகை மட்டும்தான் மிஞ்சும்.

கொட்டாஞ்சேனை, பழைய லான்சர்: எரிப்பது கூடாது என்கிறீர்கள். எங்கள் டிங்கர் பாஸ் காஸ் டோர்ச்சால் எரித்துத்தான் பெயிண்ட் எடுத்தார். வருடக்கணக்காக ஓடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. சும்மா பயம் காட்டுகிறீர்கள்.

ஒன்றும் ஆகாதது உங்கள் அதிர்ஷ்டம் ஐயா. அலுமினியம் இரும்பு மாதிரிச் சிவந்து காட்டாது, பலம் போனாலும் நிறம் மாறாது. டோர்ச் தீ ஒரே இடத்தில் நின்றால் அந்த ஸ்போக் மட்டும் மென்மையாகிவிடும். களனிப் பாலத்தடியில் ஒரு குழிக்குள் இறங்கும் வரைக்கும் அது தெரியவராது.

மொரட்டுவை, பொறியியல் மாணவர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அந்தக் கணக்குப்படி பவுடர் ஓவனும் பிழைதானே? டி6 அலுமினியத்தை (சூடாக்கிப் பதப்படுத்திப் பலமேற்றியதை) முதிர்விப்பதே 160 பாகை அளவில். நீங்கள் 200இல் வைக்கச் சொல்கிறீர்கள்.

நல்ல கேள்வி. வார்த்த ரிம் பெரும்பாலும் ஏ356: அலுமினியம், சிலிக்கன், கொஞ்சம் மக்னீசியம். 540 பாகை அளவில் சில மணி நேரம் வைத்து, தண்ணீரில் சடுதியாகக் குளிரவைத்து, பிறகு நீங்கள் சொன்ன சூட்டில் மறுபடி சில மணி நேரம் வைப்பார்கள். உள்ளே மிக நுண்ணிய மக்னீசியம் சிலிசைட் துணிக்கைகள் உருவாவதால்தான் பலம். சூடு கூடினால் அந்தத் துணிக்கைகள் பருத்துப் பலம் குறையும். ஆனால் சூட்டோடு நேரமும் கணக்கு. 200இல் 15 நிமிடம் என்பது சிறிய விஷயம், தொழிற்சாலையிலேயே பல ரிம்களுக்கு பவுடர் பூசித்தான் அனுப்புகிறார்கள். 400 பாகை எரிப்பு ஓவனில் ஒரு மணி நேரம் என்பது வேறு கதை. அங்கே டி6 என்று ஒன்று மிஞ்சாது.

மொரட்டுவை, அதே மாணவர்: பிரைமர், நிறம், கிளியர் என்று மூன்று முறை வேகவைத்தால் நேரம் கூடுகிறதே?

கூடுகிறதுதான். அதனால்தான் பிரைமரை முழுதாக வேகவைக்காமல், பவுடர் இளகி ஓடி ஒட்டும் அளவுக்கு மட்டும் சூடாக்கி அடுத்த பூச்சுக்குப் போகிறோம். நிறம் பிழையாகிப்போய்த் திரும்பத் திரும்ப ஓவனுக்குள் போகிற ரிம்தான் எனக்குப் பயம். கார்ப் பந்தயத்துக்கான ஃபோர்ஜ் ரிம் (வார்க்காமல் அழுத்தி உருவாக்கியது) வைத்திருப்பவர்கள், தயாரித்தவர் அனுமதிக்காமல் எந்த ஓவனுக்கும் கொடுக்காதீர்கள்.

கொட்டாஞ்சேனை, பழைய லான்சர்: அப்ப என் ரிம்மை எறிய வேண்டுமா?

ஸ்போக் ஹப்பில் சேருகிற இடத்தைக் கழுவி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மயிர் போல ஒரு கோடு தெரிந்தாலும் எறியுங்கள். கோடு இல்லாவிட்டாலும் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இன்னொரு செட் தேடத் தொடங்குங்கள். வளைந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எரித்த பாஸிடம் மட்டும் திரும்பப் போகவேண்டாம்.

கொட்டாஞ்சேனை, வேறொருவர்: எங்கள் ஏரியா பாஸைக் குறை சொல்லாதீர்கள், அவர் நாற்பது வருட அனுபவசாலி.

டிங்கரிங்கில் அவர் கையைக் கும்பிடுகிறேன். அடுத்த கேள்வி.

நுகேகொட, பிரியஸ்: நடைபாதை விளிம்பில் உரசிய காயத்தைப் புட்டி போட்டு மூடி பவுடர் அடிக்கலாமா?

வாகனத் தகட்டுக்குப் போடுகிற சாதாரண புட்டி ஓவன் சூட்டில் பொங்கி வெடிக்கும். ஆழமில்லாத காயத்தைத் தேய்த்து மட்டமாக்கலாம். ஆழமாயிருந்தால் வெளி விளிம்பில் மட்டும் ஆர்கன் வெல்டிங். ஸ்போக்கில் வெல்டிங் கேட்காதீர்கள், செய்து தருகிறேன் என்பவரை நம்பவும் வேண்டாம்.

பம்பலப்பிட்டி: பூசி வந்த ரிம்மில் ஊசி குத்தின மாதிரித் துளைகள். கடைக்காரர் "பவுடர் பழசு" என்கிறார்.

பவுடரைவிட ரிம்மில் சந்தேகம். வார்த்த அலுமினியத்துக்குள் காற்றும் எண்ணெயும் ஒளிந்திருக்கும். பூசுவதற்கு முதல் வெறும் ரிம்மை ஓவனில் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். அதைச் செய்யாமல் பூசினால், பவுடர் இளகும்போது காற்று துளைத்துக்கொண்டு வெளியே வரும். இன்னொரு காரணம் கொம்பிரசர் லைனில் தண்ணீர். நம் ஊர் ஈரத்துக்குத் தண்ணீர் பிரிக்கிற டிரையர் இல்லாத கடையில் பவுடரும் கட்டிபடும், துப்பாக்கியும் துப்பும். துளை வழியே அரிப்பு இறங்கும், திருப்பிக் கொடுங்கள்.

கடுவெல: பூச்சின் தடிப்பு எத்தனை மைக்ரோன் இருக்கவேண்டும்? காந்த மீட்டரால் அளந்தேன், ஒன்றும் காட்டவில்லை.

ஒரு பூச்சுக்கு 60 முதல் 80. காந்த வகை இரும்புக்குத்தான் வேலை செய்யும், அலுமினியத்துக்கு எடி கரண்ட் (சுழல் மின்னோட்ட) வகை வேண்டும். நட் கூம்பிலும் ஹப்போடு ஒட்டுகிற பின்முகத்திலும் மட்டும் பூச்சியம் காட்டவேண்டும்.

மட்டக்குளி, முச்சக்கர வண்டி: இரும்பு ரிம் அண்ணே. இவ்வளவு பயம் தேவையா?

தேவையில்லை. நன்றாக பிளாஸ்ட் பண்ணி, நாகம் (சிங்க்) கலந்த பிரைமர் போட்டு, அன்றைக்கே பூசச் சொல்லுங்கள். மறுநாள் வரை வெறுமனே வைத்தால் துரு பிடித்துவிடும். கேட் செய்கிற கடையே உங்களுக்குப் போதும்.

வத்தளை: நாலுக்கும் சேர்த்து சுமாராக ஒரு தொகை...

மேலே பாருங்கள்.

பொரளை: டயரோடேயே மாஸ்கிங் பண்ணிச் செய்து தருவதாக ஒரு கடை சொல்கிறது.

200 பாகை ஓவனுக்குள் டயரா? அவர் செய்யப்போவது ஸ்ப்ரே பெயிண்ட். பெயரை மட்டும் பவுடர் என்கிறார். காற்றழுத்த சென்சர் உள்ள வாகனமானால் அதையும் வால்வோடு கழற்றித்தான் கொடுக்கவேண்டும்.

இராஜகிரிய: பிரேக் கலிப்பரையும் சிவப்பாகப் பூசலாமா?

அது பிரேக் வேலை தெரிந்தவரிடம் கேட்கவேண்டியது. ரப்பர் சீல் எல்லாம் கழற்றாமல் ஓவன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

வெள்ளவத்தை, டொயோட்டா அக்குவா: அண்ணா, கடை முடிவாகிவிட்டது. கெமிக்கல், கண்ணாடி மணி என்றார்கள், பின்முகத்தையும் காட்டினார்கள். கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் என்ன கவனிக்க வேண்டும்?

கொடுக்க முதல் நாலு ரிம்மின் பின்பக்கத்தையும் படமெடுங்கள். ஜே.டபிள்யூ.எல் முத்திரை (அலோய் ரிம்முக்கான ஜப்பானியத் தர அடையாளம்), அளவு, ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து பின்முகம் தள்ளியிருக்கும் தூரம்) எல்லாம் அங்கே வார்த்திருக்கும். போனதே திரும்பி வந்ததா என்று பார்க்க அதுதான் சாட்சி. எடுக்கும்போது வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்து, பின்பக்கம் நடுப்பகுதியைச் சுற்றிப் பூச்சு உள்ள இடத்தில் தேயுங்கள். துணியில் கறுப்பு ஏறினாலோ, இடம் பிசுபிசுத்தாலோ வேகவில்லை, அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். நட் கூம்புகளில் வெறும் உலோகம் தெரியவேண்டும். பாலன்ஸ் பண்ணும்போது விளிம்பில் அடித்து ஏற்றுகிற ஈயக்கட்டி வேண்டாம், உள்ளே ஒட்டுகிற வகை போடச் சொல்லுங்கள். பூட்டும்போது இம்பாக்ட் துப்பாக்கியால் இறுக்கி முடித்துவிடாமல் டோர்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டுகிற சாவியால்) 103 நியூட்டன் மீட்டர். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நாலு சக்கரத்தையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். அப்போது ஏதாவது ஒரு நட் கால் சுற்று சுற்றினால், கூம்பில் பவுடர் இருக்கக்கூடும். கழற்றிக்கொண்டு நேரே கடைக்குப் போங்கள்.