இரண்டு கல்லூரியுமே 90% வேலைவாய்ப்பு என்கின்றன. மகளை எதில் சேர்ப்பது?

முதலில் அந்த 90% எதன் 90% என்று கேளுங்கள். ஒரு துறையில் 200 பேர் படித்து, நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து ஆளெடுக்கும் வளாகத் தேர்வுக்கு 100 பேரை மட்டும் தகுதியானவர்களாகப் பதிவு செய்து, அவர்களில் 90 பேருக்கு வேலை கிடைத்தாலும் விளம்பரத்தில் 90% என்றே வரும். உண்மையில் அது 45%.

சராசரிச் சம்பளமும் இப்படித்தான். 9 பேருக்கு 3 லட்சம், ஒருவருக்கு 43 லட்சம் என்றால் சராசரி 7 லட்சம் ஆகிவிடும். ஆகவே சராசரியை விட்டுவிட்டு, சம்பள வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளத்தைக் கேளுங்கள். கல்லூரி முழுவதற்குமான கணக்கு வேண்டாம். உங்கள் மகள் சேரும் துறையின் கடைசி 3 ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். தர மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

படிப்புக்கான தர அங்கீகாரமும் துறைவாரியாக மாறலாம், காலாவதியும் ஆகும். சான்றிதழில் துறையின் பெயரும் முடிவுத் தேதியும் இருக்கிறதா பாருங்கள்.

பெற்றோரைப் பார்வையிட அழைக்கும் சிறப்பு நாளில் போகாமல், வகுப்பு நடக்கும் சாதாரண நாளில் போய்ப் பாருங்கள். ஆய்வகக் கருவி ஒன்றுக்கு எத்தனை மாணவர் என்று எண்ணுங்கள். இரண்டாம் ஆண்டு மாணவரிடம் தனியாகப் பேசுங்கள். முதலாண்டினருக்கு இன்னும் புதுமை தீர்ந்திருக்காது. மகளையே பேசவிடுவது நல்லது, பெற்றோர் கேட்டால் பிள்ளைகள் மழுப்புவார்கள்.

விடுதி, தேர்வு, பேருந்து எல்லாம் சேர்த்து முழுப் படிப்புக்குமான செலவையும், விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.