அரைச் சாண் அலைக்கு என்ன ‘மைக்ரோ’?

கேள்வி: மைக்ரோ என்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்று மகன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து சொல்கிறான். அப்படியென்றால் எங்கள் மைக்ரோவேவ் அடுப்புக்குள் ஓடுவது மைக்ரோமீற்றர் நீள அலையா? என் மாமனார், துறைமுகத்தில் வேலை செய்தவர், அதை ‘ராடார் அடுப்பு’ என்றுதான் சொல்லுவார். எது சரி? – ஒரு வாசகி, உவர்மலை

பதில்: மகன் சொன்னது கணக்குக்குச் சரி, அடுப்புக்குப் பிழை. மாமனார் சொல்வது கிட்டத்தட்ட அதன் முதற்பெயர்.

முதலில் மகனுக்கு ஒரு வேலை. அடுப்பின் கண்ணாடித் தட்டையும் அதன் அடி வளையத்தையும் கழற்றிவிட்டு, நடுவில் சுற்றும் குமிழில் படாதபடி ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் அகலமான சொக்லேட் ஒன்றை அசையாமல் வைத்து, இருபது விநாடி ஓடவிடச் சொல்லுங்கள். முழுவதும் உருகாது. அங்கங்கே பொட்டு வைத்தாற்போல இளகும். பக்கத்துப் பக்கத்துப் பொட்டுகளுக்கு நடுவே அடிமட்டம் வைத்தால் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர் வரும். அது பாதி அலை. முழு அலை 12 சென்ரிமீற்றர், அதாவது அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூட. நானும் செய்து பார்த்தேன். சொக்லேட் விற்கிற விலைக்கு இது தேவையா என்று மனுசி முறைத்தா. உருகினதை வழித்துத் தின்றதும் அவதான்.

அரைச் சாண் நீளத்துக்கு ‘நுண்’ என்று பெயர் வைத்தது ஏன்? நான் முப்பது வருசம் றேடியோ திருத்தியவன், அந்தப் பக்கமிருந்து சொல்கிறேன். எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் இருந்த ஜேர்மன் வானொலி நிலையம் மத்திய அலையில் 1548 கிலோஹேர்ட்ஸில் ஒலிபரப்பியது ஞாபகம் இருக்கும். அதில் ஓர் அலையின் நீளம் கிட்டத்தட்ட 194 மீற்றர். ‘சிற்றலை’ என்று நாம் முள்ளைத் திருப்பித் தேடினதுகூட 25, 31, 49 மீற்றர். ஒரு தென்னை உயரத்துக்கும் மேலே! 1930களில் ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு மீற்றருக்கும் கீழே இறங்கினார்கள். ‘சிறிய’ என்ற சொல் ஏற்கெனவே செலவாகிவிட்டது. மிச்சம் இருந்தது கிரேக்கத்து ‘மைக்ரோ’. அதற்கும் சிறியது என்றுதான் பொருள். மைக்ரோமீற்றருக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

சரி, ராடாருக்கு வருவோம். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் ராடாருக்கான அலைகளைப் பிறப்பித்த குழாய்க்கு மக்னெட்ரோன் என்று பெயர். அமெரிக்காவில் ரேதியன் என்ற கொம்பனி அதைக் குவித்துச் செய்தது. 1945இல் அங்கே வேலை செய்த பெர்சி ஸ்பென்சர், ஓடிக்கொண்டிருந்த மக்னெட்ரோனுக்குப் பக்கத்தில் நின்றபோது சட்டைப்பையில் இருந்த இனிப்பு இளகிவிட்டது என்பது எல்லோரும் சொல்லும் கதை. அந்த வருசம் ஒக்ரோபரிலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார்கள். யுத்தம் முடிந்தால் ராடார் யாருக்கு வேண்டும்? கொம்பனிக்கு வேறு வியாபாரம் தேவைப்பட்டது.

பெயர் வைக்க ஊழியர்களுக்குள்ளேயே போட்டி வைத்தார்கள். வென்றது ‘ராடாரேஞ்ச்’. ரேஞ்ச் என்றால் அமெரிக்கப் பேச்சில் அடுப்பு. ஆகவே ராடார் அடுப்பேதான். கெட்டிக்காரப் பெயர் என்பேன். ‘அலை’ என்றால் சனம் என்னவோ ஏதோ என்று யோசிக்கும். ராடார் என்றால் அப்போது யுத்தம் வென்ற சாமான். இங்கேகூட 1942 ஏப்ரல் 9இல் யப்பான் விமானங்கள் துறைமுகத்துக்கு வருவதை முன்கூட்டியே கண்டது ராடார்தானே.

1947இல் வந்த அந்த அடுப்பு ஓர் ஆள் உயரம், 340 கிலோ. சூடு தணிக்கத் தண்ணீர்க் குழாய் வேறு இழுக்க வேண்டும். பெரிய சாப்பாட்டுக் கடைகளும் கப்பல்களும்தான் வாங்கின. 1955இல் டப்பன் என்ற கொம்பனி வீட்டுக்கென்று ஒன்று விட்டது. விலை 1,295 டொலர், யார் வாங்குவது? 1967இல் ரேதியனின் கையில் இருந்த அமானா கொம்பனி மேசையில் வைக்கிற அளவில், 495 டொலருக்கு, அதே ராடாரேஞ்ச் என்ற பெயரில் கொண்டுவந்த பிறகுதான் வீடுகளுக்குள் மெல்ல நுழைந்தது. பிறகு ஆளுக்காள் செய்யத் தொடங்க, ஒரு கொம்பனிக்குச் சொந்தமான பெயரை மற்றவர்கள் எப்படிப் போடுவது? மைக்ரோவேவ் என்ற பொதுப்பெயர் நின்றுவிட்டது. யப்பானியரோ இன்றைக்கும் ‘டென்ஷி ரெஞ்ஜி’, மின்னணு ரேஞ்ச், என்கிறார்கள்.

நான் முதலில் தொட்டது சவூதியிலிருந்து வந்த ஒன்று. 110 வோல்ட் என்று பின்பக்கம் எழுதியிருந்ததை வாசிக்காமல் 230இல் சொருகினேன். வந்த புகையில் அந்த வீட்டு ஆச்சி, ‘அவன் அவன் எண்டாங்கள், ஆரடா அவன்?’ என்று கேட்டா.

மாமனாரிடம் எனக்கும் ஒரு கேள்வி: அந்தப் பெயரை எந்தக் கப்பலில் கேட்டார்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.