நாத்தனாருக்கு வந்தது எனக்கும் வருமா?

கேள்வி: எனக்கு வயது 52. கல்யாணம், சாந்தி வீடுகளுக்குப் பலகாரம் போட்டுக் கொடுக்கிறோம். நானும் என் நாத்தனாரும் 20 வருடத்துக்கு மேலாக ஒரே கொட்டகையில் விறகடுப்பு முன்னால் உட்கார்ந்தவர்கள். இரண்டு மாதத்துக்கு முன் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். பீடி, புகையிலை எதையும் அவர் தொட்டதே இல்லை. முதலில் டிபி என்று ஐந்து மாதம் மாத்திரை கொடுத்தார்கள். அது முற்றித்தான் புற்றுநோய் ஆனதா? என் வீட்டுக்காரர் 30 வருடமாகத் தினமும் ஒரு கட்டு பீடி குடிக்கிறார், அவருக்கு ஒன்றும் இல்லை. எனக்கும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. முன்கூட்டியே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா?
- வாசகி, பள்ளத்தூர்

பதில்: டிபி முற்றிப் புற்றுநோய் ஆகாது அம்மா. டிபி வந்து ஆறிய தழும்பு உள்ள நுரையீரலில் புற்றுநோய் வர வாய்ப்பு சற்றுக் கூடுதல்தான். ஆனால் ஐந்து மாதத்தில் ஒன்று இன்னொன்றாக மாறாது. எக்ஸ்ரேயில் இரண்டுமே வெள்ளை நிழல்தான். நம் பக்கம் டிபி அதிகம் என்பதால், நிழலைப் பார்த்ததுமே மருத்துவரின் பேனா டிபி மாத்திரையை எழுதிவிடுகிறது. நானும் அப்படி எழுதிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டது உண்டு. சளியில் கிருமி தெரிந்ததா என்று கேட்பது நோயாளியின் உரிமை. கிருமி தெரியாமலே மருந்து ஆரம்பித்து, இரண்டு மாதமாகியும் இருமலும் நிழலும் குறையவில்லை என்றால், மாத்திரையைத் தொடர்வதோடு நிறுத்திக்கொள்ளாமல் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது, புகைக்காதவருக்கு எப்படி வந்தது என்பது. இந்த நோய்க்குப் பெரிய காரணம் புகையிலைப் புகை, அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் நுரையீரலுக்குப் புகை யாருடையது என்று தெரியாது. 1981-இல் ஜப்பானில் தாகேஷி ஹிராயாமா என்ற ஆய்வாளர், தாங்கள் புகைக்காத 91,540 மனைவிமாரை 14 ஆண்டுகள் கவனித்து ஒரு கணக்கு வெளியிட்டார். கணவர் அதிகம் புகைத்த வீடுகளில் மனைவிக்கு இந்த நோய் கூடுதலாக வந்திருந்தது. பிறகு வந்த ஆய்வுகளும் அதையே சொல்கின்றன: புகைப்பவரோடு வாழ்பவருக்கு அபாயம் 20 முதல் 30 சதவீதம் கூடுகிறது. இதை நூறு பேரில் முப்பது பேருக்கு வரும் என்று படித்துவிடாதீர்கள். புகைக்காதவருக்கு இருக்கும் அபாயம் சிறியது, அந்தச் சிறிய அளவில்தான் இந்தக் கூடுதல்.

நாத்தனார் உங்களுக்கு ரத்த உறவு இல்லை, ஆகவே பரம்பரை என்ற பயம் வேண்டாம். உங்கள் இருவருக்கும் பொதுவானது அந்தக் கொட்டகை. நான் பார்த்த பலகாரக் கொட்டகைகளை வைத்துச் சொல்கிறேன்: வீட்டின் பின்கட்டில் தாழ்வான தகரக் கூரை, மூன்று பக்கமும் அடைப்பு, காய்ந்தும் காயாத கருவேல விறகு. தேன்குழலைப் பிழிந்துவிட்டு, குனிந்து ஊதுகுழலால் ஊதுகிறீர்கள். அடுத்த மூச்சை இழுக்கும்போது முகம் அடுப்பிலிருந்து ஒரு முழம்கூட இருக்காது. மேலே தகரத்தில் படிந்திருக்கும் கரியை விரலால் தொட்டுப் பாருங்கள். அதில் கொஞ்சம் உள்ளேயும் போயிருக்கிறது. பழைய வளவு வீடுகளில் வானம் பார்த்த முற்றம் இருந்தது, புகைக்குப் போக வழி இருந்தது. கொட்டகை போட்டவர்கள் மழையைத்தான் நினைத்தார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வீட்டில் எரிக்கும் நிலக்கரிப் புகையை உறுதியான காரணிகளில் சேர்த்திருக்கிறது. விறகுப் புகையும், கொதிக்கும் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் ஆவியும் அதற்கு அடுத்த படியில், ‘அநேகமாகக் காரணம்’ என்ற பட்டியலில் உள்ளன. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் ஷுவான்வெய் என்ற பகுதி உண்டு. அங்கே பெண்கள் புகைப்பது அரிது, ஆனாலும் நுரையீரல் புற்றுநோய் மிக அதிகம். வீட்டுக்குள் புகைபோக்கி இல்லாத குழியில் நிலக்கரி எரித்ததுதான் காரணம். புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறிய வீடுகளில், சுமார் பத்து ஆண்டுகளில் நோய் கண்கூடாகக் குறைந்தது. மருந்து மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை, வைத்தது ஒரு குழாய்.

அதனால் உங்கள் கொட்டகையில் முதலில் ஒரு பக்க அடைப்பை எடுங்கள். அடுப்புக்கு மேல், கூரையைத் தாண்டிப் போகும் புகைபோக்கி வையுங்கள். விறகு நன்றாகக் காய்ந்திருக்கட்டும். எண்ணெயைப் புகைய விடாதீர்கள், கறுத்த எண்ணெயை மறுபடி வாணலியில் ஊற்றாதீர்கள். கேஸ் அடுப்புக்கு மாற முடிந்தால் இன்னும் நல்லது. விறகில் வெந்த ருசி வராது என்று வாடிக்கையாளர் சொல்வார், சொல்லிவிட்டுப் போகட்டும். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதை அறுப்பது, உடைப்பது, துளை போடுவது கூடாது. சும்மா கிடக்கும் ஷீட்டை விட அந்தத் தூசிதான் ஆபத்து.

உங்களுக்கு இருமல் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. புகைக்குப் பழகியவர்கள் இருமலை இருமலாக நினைப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுங்கள், அரசு மருத்துவமனையிலேயே பார்த்துவிடலாம். சளியில் ரத்தக் கீற்று, ஆறாத குரல் கம்மல், விடாத தோள்பட்டை வலி, காரணமில்லாமல் மெலிவது, விரல் நுனி பருத்து நகம் கிளிமூக்கு போல வளைவது, இதில் எது தெரிந்தாலும் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

நாத்தனார் விஷயத்தில் ஒன்று. எடுத்த சதைத் துணுக்கில் மரபணுப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். புகைக்காத பெண்களுக்கு வருவது பெரும்பாலும் அடினோகார்சினோமா என்ற வகை. அதில் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணு மாற்றம் நம் நாட்டில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத் தெரிகிறது. இருந்தால், வீட்டிலிருந்தே சாப்பிடும் மாத்திரையே நோயை நல்ல காலம் கட்டுப்படுத்தும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையையும் மறக்காமல் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

கடைசியாக ஸ்கேன். அறிகுறி எதுவும் இல்லாத, புகைக்காத உங்களுக்கு நான் எழுதித்தர மாட்டேன். பழைய சளித் தழும்பு எதையாவது காட்டி, ஊசி குத்தி, உங்களை மூன்று மாதம் தூங்கவிடாது. அந்த ஸ்கேனைப் பற்றி யோசிக்க வேண்டியவர், ‘ஒன்றும் இல்லை’ என்று நீங்கள் எழுதிய உங்கள் வீட்டுக்காரர். 50 வயதைத் தாண்டி 20 வருடத்துக்கு மேல் தினம் ஒரு பாக்கெட் அளவு புகைத்தவர்களுக்கு, ஆண்டுக்கொரு முறை குறைந்த கதிர்வீச்சு சிடி எடுக்க 2021 முதல் அமெரிக்காவில் பரிந்துரைக்கிறார்கள். பீடி சிகரெட்டை விடச் சாது என்று அவர் சொல்வார். அதன் இலை சரியாக எரியாது, அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும், தாரும் கூடுதலாகப் போகும். இன்று விட்டால் பத்து ஆண்டில் அவருடைய அபாயம் ஏறத்தாழ பாதியாகும். விட உதவி கேட்க 1800 112 356 என்ற தேசிய இலவச எண் இருக்கிறது. அடுத்த முறை மருத்துவரிடம் வரும்போது அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சட்டைப் பையில் இருக்கும் கட்டோடு.