செம்மஞ்சளும் பச்சையும்

வணக்கம் அக்கா. மருதமுனைக் கைத்தறித் துணியில் இலங்கைத் தேசியக் கொடியை அமைத்து, எங்களுக்குரிய செம்மஞ்சள் பட்டியில் என் கவிதையைச் சங்கிலித் தையலில் எழுதியிருக்கிறேன். படம் இணைத்துள்ளேன். இது கொடியை அவமதிப்பதாகுமா? இதைக் கலை என்பார்களா, கைவேலை என்பார்களா?
ஒரு வாசகி, கல்முனை

அன்புள்ள தங்கைக்கு,

படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். மெய்யெழுத்துகளின் புள்ளிகளை ஒவ்வொன்றாக முடிச்சுத் தையலில் வைத்திருக்கிறீர்கள். அந்தப் பொறுமைக்கு என் அன்பு. கலையா, கைவேலையா என்ற கேள்வியை விடுங்கள். சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சியில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் கதையைச் சாக்குத் துணியில் தைத்த சிலி நாட்டுப் பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

‘எங்களுக்குரிய’ என்று எழுதியிருப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. துணி மருதமுனைத் தறியில் நெய்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். கொடியில் செம்மஞ்சள் தமிழருக்கு என்றால், அதை நெய்த முஸ்லிமுக்கு ஒதுக்கியது பச்சை. அவர் வீட்டிலும் தறியிலும் பேசுவதோ உங்கள் கவிதையின் மொழி. 1951இல் ஏற்கப்பட்ட இந்தக் கொடியில், கொடியை முடிவு செய்த குழுவிலிருந்த தமிழரான செனட்டர் நடேசன் உடன்பட மறுத்த இந்தக் கொடியில்கூட, சிங்களவரின் சிங்கத்துக்கும் நமக்கும் நடுவேதான் மஞ்சட்கரை ஓடுகிறது. செம்மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே கரை கிடையாது, வெறும் மூட்டுத் தையல்தான். அரசு போடாத கரையை நீங்கள் ஊசியால் போட்டிருக்கிறீர்கள்.

1972இல் கொடியின் நான்கு மூலைகளிலும் அரசமர இலைகள் வந்தபோது, மட்டக்களப்பில் நான் படித்த பாடசாலைக்குப் புதுக்கொடி தைக்கும் வேலை எங்கள் தையல் வகுப்பிடம் வந்தது. செம்மஞ்சள் துண்டு என் கையில்; பச்சைத் துண்டு காத்தான்குடியிலிருந்து வந்து படித்த என் முஸ்லிம் தோழியின் கையில். இரண்டையும் மூட்டும்போது பாதியில் என் நூல் தீர்ந்துவிட, அவள் தன் பச்சை நூலைக் கோத்து மிச்சத்தைத் தைத்து முடித்தாள். செம்மஞ்சள் ஓரத்தில் பச்சைப் பொட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. ரீச்சர் இருவரையும் ஏசி, பிளேட்டால் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொன்னார். தைத்தோம். கொடி ஏறிய காலையில், வெயிலுக்கு எதிரே, பிரித்த தையலின் துளைகள் ஊசிமுனை அளவில் ஒளிர்ந்தன. வரிசையில் நின்ற நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் கவிதையின் கடைசி வரியைப் பிரித்துவிட்டு, அதைச் செம்மஞ்சளில் தொடங்கிப் பச்சையில் முடியுமாறு தையுங்கள். மூட்டின் மேல் துணி மடிந்து தடித்திருக்கும், ஊசி இறங்க மறுக்கும், விரலுறை போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன், துணி நெய்தவரிடம் போய்க் கவிதையை வாசித்துக் காட்டுங்கள். அடுத்த முறை துணியின் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா